பாதியில் நின்ற பள்ளிக் கட்டடமும் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய்ப் பரிசோதனையும்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் சிவில் துறை, பாதியில் நின்றுபோன எங்கள் பள்ளிக் கட்டடத்தைப் பரிசோதித்து, அளந்து, அறிக்கை கொடுக்க வாங்கியது ஒரு லட்சம் ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கொடுத்த பணத்துக்கு வேலை நடந்ததா என்று கேட்டால், நடந்தது. குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கம் உளுந்து, பாசிப்பயறு கமிஷன் கடை வைத்திருக்கிறேன். ஊரில் உள்ள உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் படித்தவன். 2020 முதல் அதன் கட்டடக் குழுவுக்குப் பொருளாளர். பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுக ஆரம்பித்ததும், கீழே நான்கு, மேலே நான்கு என எட்டு வகுப்பறை கட்ட முடிவு செய்தோம். முன்னாள் மாணவர்கள் பணம், ஊர் வரிப்பணம், வெளியூரில் கடை வைத்திருப்பவர்கள் தந்தது என்று சேர்ந்தது. 2021 ஜனவரியில் 68 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டோம்.

ஒப்பந்தக்காரர் பெயரை எழுதப்போவதில்லை. தொடக்கத்தில் நல்லபடியாகத்தான் செய்தார். நாங்கள் கையெழுத்துப் போட்டபோது கம்பி கிலோ 52 ரூபாய். 2022 ஏப்ரலில் அதே கடையில் 76. எங்கள் ஒப்பந்தத்தில் விலை ஏறினால் கூட்டித் தரும் பிரிவு கிடையாது. அவர் கையில் எங்கள் வேலையோடு சேர்த்து ஆறு வேலை. ஒரு வேலையில் வாங்கிய முன்பணத்தை இன்னொன்றில் போட்டு ஓட்டியிருக்கிறார். எங்கோ ஒரு கண்ணி அறுந்ததும் எல்லாம் அறுந்துவிட்டது. அந்த ஏப்ரல் கடைசி வாரம் ஆள் வரவில்லை. மே மாதம் போன் அணைந்துவிட்டது. அப்புறம் பள்ளி வாசலுக்கு யார் யாரோ வந்தார்கள். சென்டரிங் பலகை வாடகைக்கு விட்டவர், எம்-சாண்ட் லாரிக்காரர், ஹார்டுவேர் கடைக்காரர். எல்லோருக்கும் அவர் பாக்கி.

கீழ்த்தளக் கூரை கான்கிரீட் முடிந்திருந்தது. மேலே தூண்களுக்கான கம்பிகள் நான்கடி உயரம் நீட்டிக்கொண்டு நின்றன. மாடிப்படி பாதி. அந்தக் கோலத்திலேயே இரண்டு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது அந்த மழையில்தான். எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை, ஆனால் கூரைத் தளத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நான்கு நாள் நின்றது. பிள்ளைகள் கல்யாண மண்டபத்தில் படித்தார்கள். முகூர்த்த நாள் வந்தால் அங்கும் இடமில்லை. அதுவரைக்கும் ஒரு கூரைக் கொட்டகை போடலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். தலைமை ஆசிரியை அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் வெந்து போனதைப் பார்த்த மாநிலத்தில் பள்ளிக்குக் கீற்றுக் கூரை என்ற வார்த்தையே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

2024 ஜனவரியில் மீதி வேலைக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்து காட்டினோம். ஒருவர் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலை அண்ணாச்சி, கம்பியத் தேச்சுட்டு மேல போட்டுறலாம்" என்று 38 லட்சம் சொன்னார். அடுத்தவர், முழுசாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ஒரு கோடியே ஐந்து லட்சம் சொன்னார். ஒரே கட்டடம்தான். பார்த்தது இரண்டு பேரும் கண்ணால்தான்.

குழுவில் சண்டை. இருக்கிற பணத்தில் ஒரு லட்சத்தைச் சும்மா பார்த்துச் சொல்வதற்குக் கொடுப்பதா என்று பலருக்குக் கோபம். தலைமை ஆசிரியை எழுந்து ஒன்றே ஒன்று சொன்னார். 2021 டிசம்பர் 17-இல் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள், அதில் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அவர் துக்கம் கேட்கப் போயிருந்தார். "அந்த அம்மா முகத்தப் பாத்தவ நான். ஒரு லட்சத்த என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை.

பிப்ரவரியில் ஐந்து பேர் ஒரு வேனில் வந்தார்கள். ஒரு பேராசிரியை, ஆய்வக உதவியாளர் ஒருவர், மூன்று மாணவர்கள். இரண்டு நாள் முழுக்க வேலை பார்த்தார்கள். வந்ததும் கருவியை எடுக்கவில்லை. காலை பத்து மணி வரை அந்த அம்மா வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து, பதினைந்து தூண்களுக்கும் சாக்பீஸில் எண் போட்டார். அப்புறம்தான் சுத்தியல். பார்க்கத் தடித்த டார்ச் லைட் மாதிரி இருக்கும். கான்கிரீட்டின் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அடித்துத் திரும்பும், எவ்வளவு திரும்புகிறது என்று ஓர் எண் காட்டும். ஒரு தூணுக்குப் பல இடத்தில் அடித்துக் குறித்துக்கொண்டார்கள். இது மேல்தோலை மட்டும்தான் சொல்லும், நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று அவரே சொன்னார்.

அடுத்தது ஒலி அலை. தூணின் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் விடும் அலை மறுபக்கம் போய்ச் சேர எடுக்கும் நேரத்தை வைத்து வேகம் வருகிறது. நொடிக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் வந்தால் நல்ல கான்கிரீட், மூன்றுக்குக் கீழே போனால் உள்ளே ஓட்டையோ விரிசலோ இருக்கலாம். பதின்மூன்று தூண்களில் 3.6, 3.8, 3.7 என்று வந்துகொண்டே இருந்தது. ஏழாம் எண்ணில் 2.9. பன்னிரண்டாம் எண்ணில் 2.6. வெளியே பூச்சு மாதிரி வழவழவென்று இருந்த தூண் அது. அந்த அம்மா ஒரு மாணவனை ஓரத்தில் உளியால் லேசாகத் தட்டச் சொன்னார். சிமெண்ட் பால் ஏடு மாதிரி உரிந்து விழுந்தது. உள்ளே ஜல்லி ஜல்லியாக, இடையில் பொந்து பொந்தாக, தேன்கூடு. என் சுண்டுவிரல் உள்ளே போனது.

நாற்பது வருடமாக மூட்டையில் குத்தூசி விட்டு நடுச்சரக்கை எடுத்துப் பார்த்து விலை சொல்பவன் நான். மேல்வாயில் நல்ல உளுந்தைப் போட்டு உள்ளே சொத்தையை அடைத்த மூட்டை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் உட்காரப்போகும் கட்டடத்துக்கு மட்டும் குத்தூசி விடாமல் 41 லட்சம் கொடுத்திருக்கிறேன் என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. அன்று ராத்திரி தூங்கவில்லை.

மறுநாள் உண்மையிலேயே குத்தூசி விட்டார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வட்டமாக அறுத்து, உருளையாகக் கான்கிரீட்டை வெளியே எடுக்கும் இயந்திரம். அதற்கு முன்னால் கம்பி எங்கே இருக்கிறது என்று ஒரு கருவியை ஓட்டிப் பார்த்து, கம்பி அறுபடாத இடமாகக் குறித்துக்கொண்டார்கள். கூரையிலும் உத்தரத்திலும் மூன்று உருளை, பன்னிரண்டாம் தூணில் ஒன்று. எடுத்த உருளையில் ஒரு மருந்தைத் தெளித்தார்கள். பினாப்தலீன். நல்ல கான்கிரீட்டில் அது பட்டதும் ரோஜா நிறத்தில் சிவக்கும். காற்றுப்பட்டுக் காரத்தன்மை போன இடம் நிறம் மாறாது. வெளி ஓரத்தில் ஒரு நெல் நீளத்துக்கு மட்டும் வெளுத்திருக்க, மற்ற இடமெல்லாம் குபுகுபுவென்று சிவந்தது. கம்பி வரைக்கும் கெடுதல் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அந்த அம்மா அவர்களைக் கூப்பிட்டு, ஏன் சிவக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். இதற்கெல்லாம் தனியாகக் காசு வாங்கவில்லை.

உருளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் நசுக்கிப் பார்த்தார்கள். எங்கள் ஒப்பந்தப்படி எம்20 கலவை, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டிய கான்கிரீட். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-இன்படி, மூன்று உருளைகளின் சராசரி அந்த 20-இல் 85 சதவீதம் வரவேண்டும், அதாவது 17. எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, அதாவது 15. எங்களுக்கு வந்தது 18.4, 17.1, 19.2. கூரை தப்பித்தது. பன்னிரண்டாம் தூண் 11. இரண்டு அறைகளின் கூரை அடியில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டிய இடத்தில் 8 தான் இருந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த 16 எம்எம் கம்பிகளைக் கம்பி பிரஷால் தேய்த்து வெர்னியர் வைத்து அளந்தார்கள். மேல்பக்கம் பெரிதாகக் குறையவில்லை. தண்ணீர் நின்ற அடிப்பக்கம் சில கம்பிகள் 14-க்கு வந்துவிட்டன.

முடிவு இதுதான். இடிக்க வேண்டாம். ஏழு, பன்னிரண்டு இரண்டு தூண்களுக்கும் கூரையை முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, தேன்கூட்டைக் கொத்தி எடுத்து, சுற்றிலும் புதுக் கம்பி கட்டி, நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கான்கிரீட் உறை போட வேண்டும். இளைத்த கம்பிகளுக்குப் பக்கத்தில் துளை போட்டு, ரசாயனப் பசை வைத்துப் புதுக் கம்பி இறக்க வேண்டும். கூரையின் அடிப்பக்கத்துக்குப் பாலிமர் கலவைப் பூச்சு. பாதிப் படிக்கட்டை மட்டும் இடித்துவிட வேண்டும். எல்லாம் சேர்த்துப் பழுதுக்கு மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

ஷெட்டில் 62 மூட்டை சிமெண்ட் கிடந்தது. தரைக்காவது போடலாமே என்று நானே கேட்டேன். ஒரு மூட்டையை எட்டி உதைக்கச் சொன்னார், கல்லாக இருந்தது. ஒன்றையும் தொடக் கூடாது என்றார். ஆனால் புல்லுக்குள் கிடந்த கம்பியைத் துண்டு வெட்டிக்கொண்டு போய் இழுத்துப் பார்த்து, ஒன்றரை டன் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார். அன்றைய விலையில் அது தொண்ணூற்று மூவாயிரம். பரிசோதனைக் கூலி அதிலேயே ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டது.

இந்தச் சேவையில் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அளவீடு. கட்டடத்தின் உறுதியைச் சொன்னதோடு நிற்காமல், இதுவரை நடந்திருக்கும் வேலை எவ்வளவு, ஒப்பந்த விலைப்படி அதன் மதிப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக டேப் பிடித்து அளந்து புது எம்-புக், அதாவது அளவுப் புத்தகம், எழுதினார்கள். பழைய ஒப்பந்தக்காரருக்குப் பதிவுத் தபாலில் நாள் குறித்து அனுப்பிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவர் வரவில்லை. அவர் தம்பி வந்து, தலையைக் குனிந்துகொண்டே கூட நடந்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நாங்கள் கொடுத்தது 41 லட்சம். நடந்திருந்த வேலை 33 லட்சத்து 60 ஆயிரம். ஏழு லட்சத்து நாற்பதாயிரம் கூடுதலாகப் போயிருக்கிறது. பெரும்பகுதி, பில்லில் பிடிக்காமல் விட்ட முன்பணம். அதற்கு வங்கி உத்தரவாதம் வாங்கியிருந்தோம், ஆனால் அது 2022 ஜனவரி 31-ஆம் தேதியே காலாவதி. வேலை நின்றது ஏப்ரலில். மூன்று மாதம் முன்னாலேயே நீட்டிக்கச் சொல்லியிருக்க வேண்டியது நான். தேதியைப் பார்க்கவில்லை.

இரண்டு வருடமாக ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர்கள் தின்றுவிட்டார்கள் என்று. டீக்கடையில் நான் போனால் பேச்சு நிற்கும். என் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் ஒருவர், "பள்ளிக்கூடப் பணத்துலயா அண்ணாச்சி?" என்று கேட்டார். அந்த எம்-புக்கை ஜெராக்ஸ் எடுத்து, ஊர்க் கூட்டத்தில் வாசித்தேன். எந்த அறையில் எத்தனை கன மீட்டர், எவ்வளவு கம்பி, எவ்வளவு செங்கல், எவ்வளவு கொடுத்தோம், எங்கே என் தவறு. இரண்டு மணி நேரம் ஆனது. முடிந்ததும் அதே ஆள் முதலாவதாக எழுந்து பத்தாயிரம் எழுதினார். சம்பந்தமே இல்லாத, வெளியூர்க் கல்லூரி கையெழுத்துப் போட்ட தாள் அது. அதனால்தான் அந்தக் கணக்கு எடுபட்டது. நானே எழுதி வாசித்திருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சரி, குறைகள். மூன்று வாரத்தில் அறிக்கை என்றார்கள், ஏழு வாரம் ஆனது. கல்லூரித் தேர்வு நேரம் என்று காரணம். எங்களுக்கு அந்த ஒரு மாதம் கோடையில் போனது, பெரிய நஷ்டம். அறிக்கை 64 பக்கம், அத்தனையும் ஆங்கிலம். குழுவில் ஒன்பது பேரில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர் தலைமை ஆசிரியை மட்டும். கேட்ட பிறகு நான்கு பக்கத்தில் தமிழில் சுருக்கம் கொடுத்தார்கள், அது அருமையாக இருந்தது, அதை முதலிலேயே கொடுத்திருக்கலாம். உருளை எடுத்த துளைகளைச் சரியாக அடைக்காமல் போய்விட்டார்கள். கூரையில் இருந்த துளையைக் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தார்கள், நாங்கள் போன் போட்டுப் பத்து நாள் கழித்து ஆள் வந்து சுருங்காத கலவையால் மூடினார். சாரம் கட்டும் செலவு பதினாலாயிரம் நம் தலையில் என்பதும், புது டெண்டருக்கான அளவு, விலைப் பட்டியல் வேண்டுமானால் தனியாக இருபத்தைந்தாயிரம் என்பதும் முதல் பேச்சில் வரவில்லை. பட்டியல் இல்லாமல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வேலை தொடங்க முடியாது. ஆக, கையிலிருந்து போனது ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

அந்தப் பட்டியலை வைத்து நான்கு பேரிடம் விலை கேட்டோம். இந்த முறை நான்கு விலைக்கும் இடையில் மூன்று லட்சம்தான் வித்தியாசம், எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து எழுதியதால். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவரை 47 லட்சத்துக்கு எடுத்தோம். கம்பி கட்டும் வேலையில் தொடங்கி முதலாளி ஆனவர். ஆடி பிறப்பதற்குள் பூஜை போட்டு 2024 ஜூலையில் வேலை மறுபடி தொடங்கியது. முன்பணம் கிடையாது. கம்பியும் சிமெண்டும் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அளந்து எழுதி, ஒரு வாரத்துக்குள் பணம். கான்கிரீட் போடும் நாளெல்லாம் கனசதுர அச்சில் மாதிரி எடுத்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்த்தோம். உத்தரவாதத் தேதி மண்டி காலண்டரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

பழைய ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்த நான்கு கம்பி கட்டும் தொழிலாளர்களுக்கு 46 ஆயிரம் கூலி பாக்கி இருந்தது. அது நம் பொறுப்பில்லை என்று குழுவில் சிலர் சொன்னார்கள். சட்டப்படி எப்படியோ, அவர்கள் வியர்வை அந்தக் கூரையில் இருக்கிறது என்று நான் பிடிவாதமாக நின்று கொடுக்க வைத்தேன். பணம் வாங்க வந்தவர்களில் மூத்தவர், சாக்பீஸ் எண் போட்ட தூண்களைப் பார்த்துக்கொண்டே போய்ப் பன்னிரண்டின் முன்னால் நின்றார். "இதப் போட்ட அன்னைக்குச் சாயங்காலம் மழ பிடிச்சுச்சு அண்ணாச்சி. வைப்ரேட்டரும் ஓடல. கம்பால குத்திக் குத்தி எறக்கினோம். மறுநா பலகையப் பிரிச்சதும் பொந்து தெரிஞ்சுச்சு, பூசச் சொல்லிட்டாங்க" என்றார். அறிக்கை அப்போது என் கையில்தான் இருந்தது. அவரிடம் காட்டவில்லை. நால்வரையும் புது ஆளிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

2025 ஜனவரியில் மேல்கூரை போட்டாயிற்று. உறுதிச் சான்றும் தாசில்தாரிடம் கட்டட உரிமமும் வாங்கி, ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்தபோது பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஏழாம், பன்னிரண்டாம் தூண்கள் மற்றவற்றைவிடத் தடிமனாக நிற்கின்றன. பன்னிரண்டு வராண்டாவில் இருப்பதால் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் அதற்குக் குண்டுத் தூண் என்று பெயர் வைத்து, கண்ணாமூச்சி விளையாட அதன் பின்னால்தான் ஒளிகிறார்கள். ஏழு லட்சத்து நாற்பதாயிரம் இன்னும் திரும்பவில்லை. நடுவர் முன் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இப்படிப் பாதியில் நிற்கும் பள்ளிக் கட்டடம் இருந்து, ஏதாவது கல்லூரியையோ பரிசோதனைக் கூடத்தையோ கூப்பிடுவதானால், இவற்றை முதல் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்: அறிக்கை வரும் தேதி, தமிழ்ச் சுருக்கம், நடந்த வேலையின் அளவும் மதிப்பும், மீதி வேலையின் பட்டியல், துளைகளை அன்றைக்கே அடைப்பது, சாரம் யார் செலவு. தேர்வு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வரைபடம், பழைய பில், எம்-புக், சிமெண்ட் கம்பி ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மா முதலில் கேட்டது அதைத்தான். அவர்கள் வருகிற வரைக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கெல்லாம் ஒரு கொத்தனாரை விட்டுச் சிமெண்ட் பாலாவது பூசி வையுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அரை நாள் கூலியும் ஒரு மூட்டை சிமெண்டும்தான் ஆகியிருக்கும்.